நெஞ்சு படபடக்கும்போது

‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’ என்று நாம் சொல்வது வெறும் பேச்சு வழக்கு அன்று. அச்சம் வரும்போது வயிற்றுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. நெஞ்சு விரைந்து அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் செய்யும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே விளக்கினார்.

புலியைக் கண்டால் இந்த ஆயத்தம் உதவும். ஜொகூர் பாலத்து நெரிசலில், நின்றுபோன பேருந்துக்குள், வேலைக்குத் தாமதமாகிறதே என்று தவிப்பவருக்கு ஓட இடமேது? அவருடைய மூச்சு மட்டும் ஓடுகிறது. வேண்டியதற்கு மேல் மூச்சு வாங்குவதால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் நுனிகளும் உதட்டோரமும் மரத்து ஊறுகின்றன, தலை கிறுகிறுக்கிறது. காற்றை மிகுதியாக இழுத்தும் காற்றே போதவில்லை என்று தோன்றுவதுதான் விந்தை! ‘ஐயோ, மாரடைப்போ?’ என்ற இரண்டாவது அச்சம் எழ, படபடப்பு இன்னும் ஏறுகிறது. இவரிடம் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்வது தவறு. அவர் உணர்வது உண்மையான துடிப்பு.

ஆனாலும், முதல் முறை வரும் நெஞ்சுவலியைப் பதற்றம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை கண்டால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை உடனே அழையுங்கள். நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரலாம். நம்மவரிடையே நீரிழிவு மிகுதி என்பதால் இதைச் சொல்கிறேன். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தச் சோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும்; இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

மருத்துவர் பார்த்து, பதற்றம்தான் என்று உறுதி சொன்ன பிறகு, அடுத்த முறை வரும்போது அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானே தணியும். நான்கு எண்ணும் வரை மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறை வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து. நாளுக்கு நான்கு குவளை கோப்பி குடிப்பவர் அதையும் குறைத்துப் பார்க்கலாம். படபடப்புக்கு அஞ்சிப் பேருந்தில் ஏறுவதையே நிறுத்திவிட்டவர்கள் மறுபடியும் மருத்துவரிடம் செல்லுங்கள். இதற்கென்றே பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு.