மழை விட்டால் நீச்சல்

பாரிஸ் நகரத்தின் நடுவே ஓடும் செய்ன் நதியில் 1923 முதல் குளிக்கத் தடை. 2025 ஜூலை 5 அன்று மூன்று இடங்களில் அது நீங்கியது: ஈஃபில் கோபுரம் இருக்கும் மேற்குப் பக்கத்தில் கிரெனெல், நகர நடுவில் மாரி, கிழக்கே பெர்சி. இடுப்பில் மஞ்சள் மிதவையைக் கட்டிக்கொண்டு ஜனங்கள் ஆற்றில் இறங்கினார்கள். மறுநாளே, மழையைக் காரணம் காட்டி நீச்சலை நிறுத்திவிட்டார்கள்.

வானத்திலிருந்து விழும் தண்ணீர் ஆற்றை எப்படிக் கெடுக்கும்? தெருவுக்கு அடியில் போய்ப் பார்த்தால் புரியும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பொறியாளர் பெல்கிராண்ட் அமைத்த பாதாளச் சாக்கடையில் வீட்டுக் கழிவும் மழைநீரும் ஒரே குழாயில்தான் போகின்றன. காலராவைக் கண்டு நடுங்கிய ஊருக்கு அது மகத்தான வேலை. சாதாரண நாளில் அத்தனையும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். அடைமழையில் குழாய் கொள்ளாது. கழிவு எதிர்த்து வீடுகளுக்குள் ஏறாமல் இருக்க, மிஞ்சியதை நதியில் திறந்துவிடும் வாய்களை வைத்தார்கள். ஆகவே மழைக்குப் பின் நதி நாறியதற்குப் பழுது எதுவும் காரணமில்லை, ஏற்பாடே அப்படி.

அந்த மிச்சத்தைப் பிடித்து வைக்கத்தான் ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். 50 மீட்டர் விட்டம், 30 மீட்டருக்கு மேல் ஆழம், உள்ளே கூரையைத் தாங்கும் தூண்கள். கொள்ளளவு ஐந்து கோடி லிட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் இருபதை நிரப்பலாம். மழை ஓய்ந்தபின், குழாய்களில் இடம் கிடைக்கக் கிடைக்க, தண்ணீரை மேலேற்றிச் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார்கள். நதியைச் சுத்தமாக்க மொத்தம் சுமார் 140 கோடி யூரோ செலவு. அதில் என்னை மிகவும் வியக்க வைப்பது, வெளியே தெரியாத இந்தப் பள்ளம்தான்.

நதி குளிக்கத் தகுந்ததா என்று சொல்வது இ.கோலை என்னும் குடல் பாக்டீரியா. அதன் பெரும்பாலான வகைகள் நம்மை ஒன்றும் செய்யா. ஆனால் அது இருக்கும் இடத்தில் மலம் கலந்திருக்கிறது, நோய்க்கிருமிகளும் கூடவே வந்திருக்கலாம் என்று அர்த்தம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மில்லி தண்ணீருக்கு ஆயிரம் என்பது எல்லை. தொடக்க விழாவன்று பெய்த மழையால் எண்ணிக்கை ஏறி, ஜூலை 30-இல் இந்த நதியில் நீந்தித் தொடங்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் மறுநாளுக்குப் போனது.

வெயில் அடித்தால் எண்ணிக்கை இறங்கும். சூரியனின் புற ஊதாக் கதிர் பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடுகிறது. மழைக்குப் பிறகு தண்ணீர் கலங்கியிருப்பதால் அந்தக் கதிர் ஆழத்துக்கு இறங்காது. நதி தெளியும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு சிக்கல், பாக்டீரியாவை வளர்த்து எண்ணும் வழக்கமான சோதனைக்கு ஒரு நாளாவது பிடிக்கும். நேற்றைய தண்ணீரைப் பற்றித்தான் இன்று தெரியும். அதனால் விரைவுச் சோதனைகள், பெய்த மழை, நீரோட்டத்தின் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் காலையில் பச்சைக் கொடியா சிவப்பா என்று முடிவு செய்கிறார்கள்.

நதியில் இறங்க மனமில்லாதவர்களுக்கு வடக்கே லா வில்லெத் நீர்த்தேக்கம் இருக்கிறது. நெப்போலியன் காலத்தில், 1808-இல், ஊர்க் என்னும் கால்வாயின் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பியது. 2017 முதல் கோடையில் அங்கே கட்டணமில்லாமல் நீந்தலாம்; உரிமம் இல்லாதவர்களும் சின்ன மின்படகை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து அது ஒரே ஒரு மெட்ரோ நிறுத்தம்.

செய்னில் பெரிய வேலைகள் முடிந்துவிட்டன. கரையோரப் படகுவீடுகளில் பெரும்பாலானவற்றின் கழிவையும் சாக்கடையோடு இணைத்தாயிற்று. பாக்கி நிற்பது மேல்நீரோட்டத்துப் புறநகர்கள். அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளின் கழிவறைக் குழாய், தவறுதலாக மழைநீர் வடிகாலில் சேர்ந்திருக்கிறது. மழையே இல்லாத நாளிலும் அது நதிக்குத்தான் போகும். ஒவ்வொரு வீடாகக் கண்டுபிடித்து, உரிமையாளரைச் சம்மதிக்க வைத்து, தோண்டித் திருப்பிவிடுகிறார்கள்.