புரியலையா? உள்ளே வாங்க பாஸ்!

ஈ.சி.ஆர். போனா பீச், பஜ்ஜி... அதைத் தாண்டி நமக்கு என்ன தெரியும்? அன்னிக்கு வெயில் தாங்காமத்தான் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குள் ஒதுங்கினோம். குட்டி கேலரியில் நவீன ஓவியக் கண்காட்சி. ஓவியரைத் தவிர ஈ, காக்கா இல்லை!

"மச்சி, ஒண்ணும் புரியலடா... கெளம்பலாம்" என்றான் நண்பன். ஓவியர் காதில் விழுந்துவிட்டது. போச்சுடா! ஆனால், அவர் சிரித்தார். "புரியலைன்னா பரவால்ல தம்பி. முதல்ல கண்ணுல பட்டது எது? அதைச் சொல்லுங்க."

சொன்னோம். அரை மணி நேரம் போனதே தெரியலை!

1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் உருவாக்கிய கிராமம் இது. பத்திக் போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசில்தான் நிலமே வாங்கினார்கள். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில் ஜாதகக் கட்டம், எழுத்து, ஃபார்முலா... அட, நம்ம எம்-த்ரீ நோட்டு!

ஒரே அரியரை மூணு தடவை எழுதுற நமக்கு, ஒரு ஓவியத்தை மூணு நிமிஷம் பார்க்கப் பொறுமை இருக்காதா என்ன?

கிளம்பும்போது பார்வையாளர் நோட்டை நீட்டினார். அன்றைய தேதியில் எங்கள் ரெண்டு பேர் பெயர்தான் முதல். அப்போது மணி மாலை நாலு.