ஆழம் பார்த்து அடி!

இருபது பாயின்ட் கொடுத்து வாங்கின போர்க்கப்பலை, ஆறு பாயின்ட் சப்மரின் கவிழ்க்குமா? கவிழ்க்கும் பாஸ்! 'ஆக்ஸிஸ் அண்ட் அல்லைஸ்' ஆடிப் பாருங்க.

இரண்டாம் உலகப் போரை மேஜை மேல விரிக்கிற போர்டு கேம் இது. லாரி ஹாரிஸ் வடிவமைச்சு, 1981-ல் வெளிவந்தது. அப்புறம் பல பதிப்புகள் வந்தாச்சு. இங்கே சொல்ற கணக்கு '1942' கேமின் இரண்டாம் பதிப்புக்கு.

தாக்கும்போது சப்மரினோட பலம் 2. டைஸ்ல ஒண்ணோ ரெண்டோ விழுந்தாத்தான் அடி. தற்காப்புல வெறும் 1. போர்க்கப்பலுக்கோ ரெண்டுலயுமே 4. போதாததுக்கு, ரெண்டாவது அடியிலதான் அது மூழ்கும். யானைக்கும் பூனைக்கும் சண்டை மாதிரி இருக்குல்ல?

இங்கேதான் ட்விஸ்ட்! வழக்கமா, மூழ்கப் போற கப்பலும் கடைசியா ஒரு தடவை திருப்பிச் சுடும். ஆனா, சப்மரின் மத்தவங்களுக்கு முன்னாடியே டைஸ் உருட்டும். அதுல மூழ்கின கப்பல் பதிலடி கொடுக்காமலே போர்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மூணு சப்மரின் சேர்ந்து போனா, தனியா நிக்கிற போர்க்கப்பல் முதல் ரவுண்டிலேயே சத்தமில்லாம காலியாக 27-ல் 7 வாய்ப்பு. மேத்ஸ் அரியர் இல்லாதவங்க சரிபார்த்துக்கலாம்! நிலைமை மோசமா? சுடாம முங்கி எஸ்கேப். விமானம்கூட அதைத் தொட முடியாது.

இத்தனை ஆட்டத்தையும் அடக்க ஒரே ஒரு டெஸ்ட்ராயர் போதும். விலை 8, பலம் 2. எதிரணியில் அது நின்னா, முந்திக்கிட்டு அடிக்கிறதும் கிடையாது, முங்கறதும் கிடையாது. விமானமும் போட்டுத் தாக்கும். பத்து சப்மரின் வந்தாலும் இதே கதிதான். ஏன்னா, சப்மரினோட நிஜமான பலம் டார்பிடோ இல்லை, கண்ணுக்குத் தெரியாம இருக்கிறது! அதனால அடி விழும்போது, 'விலை கம்மிதானே'னு டெஸ்ட்ராயரை முதல்ல பலி கொடுத்துடாதீங்க. அடுத்த ரவுண்டே சப்மரின் பழையபடி ஒளிஞ்சுக்கும்.

'அட, விளையாட்டுதானே'ங்கிறீங்களா? 1942-ல் ஜெர்மன் சப்மரின்கள் அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களை வரிசையா மூழ்கடிச்சப்போ, பிரிட்டிஷ் கடற்படை பதில் தேடினது ஒரு விளையாட்டில்தான். லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸும், பெண்கள் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த நம்ம வயசுப் பெண்களும் தரையையே கடலாக்கி, சாக்பீஸால் கப்பல் பாதைகளை வரைஞ்சாங்க. காவல் கப்பல் அணியில் ஆடறவங்க திரையிலுள்ள ஓட்டை வழியா கொஞ்சமாத்தான் பார்க்க முடியும். எதிரி தூரத்திலிருந்து சுடலை, கப்பல் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து அடிக்கிறான்னு புரிஞ்சது அந்தத் தரையில்தான். அவனை வளைச்சுத் தேடற 'ராஸ்பெர்ரி' வியூகம் பிறந்ததும் அங்கேதான். ஆயிரக்கணக்கான அதிகாரிகள் அங்கே வந்து ஆடிக் கத்துக்கிட்டுக் கடலுக்குப் போனாங்க. அங்கே பணயம் பாயின்ட் இல்லை, மாலுமிகளோட உயிர்.

அதனால, அடுத்த தடவை 20 பாயின்ட் கொடுத்து பந்தாவா போர்க்கப்பல் வாங்கப் போறீங்களா? முதல்ல டெஸ்ட்ராயருக்கு ஒரு 8 எடுத்து வெச்சிடுங்க மக்கா!