வண்டிக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குவோம்



கொள்முதல், விற்பனை, வரி, கடன் பாக்கி என்று எத்தனையோ விஷயங்களை நாம் கூடும்போதெல்லாம் பேசுகிறோம். ஆனால் கடை வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறதே நம் இரு சக்கர வண்டி, அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. காலையில் வங்கிக்குப் போவது அதில்தான். ஆத்தூர், குரும்பூர், ஏரல் கடைகளுக்கு அவசரச் சரக்கு போவதும் அதில்தான். மாலையில் வசூலுக்குப் போவதும் அதில்தான். அது ஒருநாள் படுத்துவிட்டால் பாதி வியாபாரம் படுத்துவிடுகிறது. இருந்தும் அதைக் கவனிக்க நேரமில்லை என்கிறோம்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆயுதபூஜை வருகிறது. அன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தால் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். மற்ற 364 நாளும் வண்டி நமக்கு உழைக்கிறது. ஒரு நாள் மட்டும் நாம் அதைப் பார்க்கிறோம். இது எந்தக் கணக்கில் சேரும்?

உப்புக் காற்றும் நம் வண்டியும்

மற்ற ஊர்க்காரர்களை விட நமக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். காரணம், நாம் உப்பின் நடுவே வாழ்கிறோம். ஆறுமுகநேரி, காயல்பட்டினம், பழையகாயல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பளம். 1950களின் இறுதியில் சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலை வந்ததும் அந்த உப்பை நம்பித்தான். ஷிப்டு முடிந்து வரிசையாக வெளியே வரும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் நம் வாடிக்கையாளர்கள்தான் வருகிறார்கள். ஆக, உப்புதான் நமக்குச் சோறு போடுகிறது. அதே உப்புதான் நம் வண்டியையும் தின்கிறது.

கச்சா உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பு லாரியிலிருந்து சொட்டும் நீரும் சாலைத் தூசியும் வண்டியின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் முழுதாகக் காய்வதே இல்லை. துரு மேலே தெரிவதற்கு முன்பே உள்ளே வேலையைத் தொடங்கிவிடுகிறது. மட்கார்டின் அடிப்பக்கம், ஸ்போக்ஸ் கம்பி, சைலன்சர், செயின், பேட்டரி முனை ஆகியவை முதலில் கெடும். எல்லாவற்றிலும் ஆபத்தானது பிரேக் கேபிள். வெளியே ரப்பர் உறை புதிதாகத் தெரியும். உள்ளே கம்பி இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. பட்டு அனுபவித்ததை எழுதுகிறோம்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். மளிகை மொத்த வியாபாரத்தில் அந்த ஏழு நாள் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடையில் வேலை பார்த்த தம்பி காலையில் வந்து, "அண்ணாச்சி, பின்பிரேக் சரியா பிடிக்க மாட்டேங்குது. ரெண்டு நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றான். நாம் கணக்கு நோட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இந்தச் சரக்கை மட்டும் இறக்கிட்டு வந்துரு தம்பி, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டோம்.

இரண்டு எண்ணெய் டின், ஒரு சர்க்கரை மூட்டை. ஆத்தூர் பாலம் இறக்கத்தில் ஆடு ஒன்று குறுக்கே வர, அவன் பிரேக்கைப் பிடித்தான். கேபிள் அறுந்து கையோடு வந்துவிட்டது. பாரத்தோடு வண்டி சரிந்து, தோள்பட்டை எலும்பு முறிந்தது. தலையில் ஹெல்மெட் இருந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை. மருத்துவச் செலவை நாம் ஏற்றோம், வீட்டிலிருந்த நாட்களுக்குச் சம்பளமும் கொடுத்தோம். ஆனால் மருத்துவமனை வராந்தாவில் அவன் தாயார், "காலையிலேயே சொன்னானாமே அண்ணாச்சி" என்று கேட்டபோது நம்மிடம் பதில் இல்லை. அந்த அம்மாள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

புதுக் கேபிளின் விலை ஒரு கிலோ பருப்பின் விலைதான் இருக்கும். மாட்டுவதற்கு மெக்கானிக்குக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரம்தான் நம்மிடம் இல்லை என்று நினைத்தோம்.

அன்றிலிருந்து நம் கடையில் ஒரு விதி வைத்திருக்கிறோம். ஓட்டுகிறவன் "வண்டி சரியில்லை" என்று சொன்னால் அந்த வண்டி நகரக் கூடாது. சரக்கு தாமதமானால் ஆகட்டும். அதற்கு முதலாளியே ஆனாலும் மறுத்துப் பேச உரிமை கிடையாது.

நேரம் எங்கே இருக்கிறது?

ஷட்டரைத் தூக்கியதும் தராசைத் துடைக்கிறோம், சாம்பிராணி போடுகிறோம். அதோடு இரண்டு நிமிடம் சேர்த்துக்கொண்டால் போதும். டயரில் காற்று இருக்கிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா, முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா, கீழே எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். காற்றை வண்டி சூடாவதற்கு முன் காலையிலேயே பார்ப்பது நல்லது.

வாரத்தில் ஒருநாள், கடை சாத்தும் நேரத்திலோ ஞாயிறு மதியமோ, பதினைந்து நிமிடம். வண்டியைக் கழுவ வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் கடற்கரைப் பக்கத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். மட்கார்டின் அடியிலும் செயின் பக்கமும் ஊற்றி, இன்ஜின் ஆறிய பிறகு கழுவி, துணியால் துடைத்து, பத்து நிமிடம் ஓட்டிக் காய வைக்க வேண்டும். பிறகு செயினுக்கு எண்ணெய். பேட்டரி முனைகளில் கொஞ்சம் வாசலைன். பிரேக் டிரம்மிலோ டிஸ்க்கிலோ டயரிலோ எண்ணெய் படக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை இன்ஜின் ஆயில் அளவு, செயின் தொய்வு, கேபிள் நுனிகள், டயர் தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவைக்கலாம். சரக்கு வரவு செலவுக்கு நோட்டுப் போடுகிற நமக்கு இது புதிய வேலை அல்லவே. காப்பீடு முடியும் நாளையும் அதே நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

வெள்ளம் சொல்லிக் கொடுத்தது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதியில் யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஏரல் கடைவீதி மூழ்கியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். சரக்கை இழந்த வணிகர்கள் எத்தனையோ பேர். அவர்கள் துயரத்தின் முன் வண்டி பெரிதல்ல. ஆனாலும் தண்ணீர் வடிந்த மறுநாள், சரக்கு வாங்கவும் உறவுகளைத் தேடவும் முதலில் தேவைப்பட்டது வண்டிதான்.

நம் கடை வண்டிகள் இரண்டும் தண்ணீரில் நின்றன. ஒன்றை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். உள்ளே புகுந்த தண்ணீரோடு இன்ஜின் சுற்றியதில் அது கெட்டே போனது. மற்றதைத் தொடாமல் வைத்திருந்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றி, ஏர் பில்டரையும் பெட்ரோல் டேங்கையும் சுத்தம் செய்த பிறகு ஓட்டினோம். இன்றும் அது ஓடுகிறது. மூழ்கிய வண்டியைக் கிக்கரும் செய்யக் கூடாது, பட்டனையும் அழுத்தக் கூடாது. அப்படிச் செய்து கெட்ட இன்ஜினுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கவும் இடமுண்டு.

நம்மிடம் இருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அதில் நம் வண்டிக்கு ஒரு காசும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தால்தான் வெள்ளத்துக்கு உரிமை கோர முடியும். கடற்கரையில் கடை வைத்திருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்டறிந்து பணம் கட்டுவது நல்லது.

ஓட்டவும் நேரம் வேண்டும்

இதுவரை கடை வண்டியைப் பற்றிச் சொன்னோம். வீட்டில் உறை போட்டு நிறுத்தியிருக்கும் ஆசை வண்டிகளும் உண்டு. நம்மிடமும் ஒரு பழைய புல்லட் இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்கிய என்பீல்டு வண்டியின் வழி வந்தது. ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஸரை அழுத்தி, நிதானமாக மிதித்தால்தான் உயிர் வரும். அவசரக்காரனுக்கு அது மசியாது.

வாங்கியபோது வாரம் தவறாமல் ஓட்டினோம். பிறகு கடை பெரிதாகியது, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று வண்டி மூலைக்குப் போனது. சில ஆண்டுகள் கழித்து உறையை எடுத்துப் பார்த்தால் டேங்கின் உள்ளே துரு, பேட்டரி செத்துவிட்டது, டயர் வெடித்துப் போயிருந்தது. ஓட்டித் தேய்ந்த வண்டியை விட, நிறுத்திக் கெட்ட வண்டிக்குத்தான் அதிகம் செலவானது. இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் படிப்படியாக வந்த பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து தங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இப்போது ஞாயிறு அதிகாலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு விடுகிறோம். ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் தாண்டி, குலசேகரப்பட்டினம் வழியாக மணப்பாடு மணல்மேடு வரை. அங்கே ஒரு டீ. கடல்காற்று முகத்தில் அடிக்கும்போது பாக்கிக்காரர் யார் முகமும் நினைவுக்கு வருவதில்லை. ஓட்டும்போதுதான் வண்டியின் குறையும் தெரிகிறது. செயின் சத்தம், பிரேக் உரசல், ஹேண்டில் ஆட்டம் எல்லாம் நின்ற வண்டியில் கேட்காது. திரும்பும் வழியில் சில்லறைக் கடைக்காரர் ஒருவரைப் பார்த்து நலம் விசாரித்தால், போனில் பத்து முறை பேசியும் வராத ஆர்டர் தானாக வருகிறது. வந்ததும் வண்டியைக் கழுவிவிட்டுத்தான் குளிக்கப் போகிறோம், கடல் பக்கம் போய் வந்ததல்லவா.

வணிகர்களே, நேரம் யாருக்கும் மிச்சமாக வராது. கல்லாவிலிருந்து வாடகையை எடுத்து வைப்பது போல எடுத்து வைத்தால்தான் உண்டு. வரும் ஞாயிறு உங்கள் கடை வண்டியின் பிரேக் கேபிள் நுனியை நீங்களே குனிந்து ஒருமுறை பாருங்கள். அதை ஓட்டுகிற பையனைக் கூப்பிட்டு, "வண்டியில ஏதும் குறை இருக்கா தம்பி?" என்று கேளுங்கள். அவன் சொல்லும்போது கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

வாழ்க வணிகம்! வளர்க நம் ஒற்றுமை!