கட்டுச்சோறு கட்டிப் போன ஊர்

நெல்லைச் சீமையில் உள்ள விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு காலத்தில் பொழுதைச் சொன்னது ஆலைச் சங்கு. பாபநாசத்து அருவியின் நீர்விசையை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். ஊர் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஷிப்டுக்குப் போகிறவர் கையில் தூக்குச்சட்டி இருக்கும். உள்ளே பழைய சோறு, அல்லது புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு, ஓரத்தில் எள்ளுத் துவையல். கிளப்புக்கடையில் தினமும் சாப்பிடுகிற ஆளைக் கண்டால், வீட்டில் என்ன சங்கடம் என்று அக்கறையோடு விசாரிப்பார்கள்.

கடல் தாண்டிப் போனவர்களும் அப்படித்தான். தாமிரபரணிக் கரையிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கப் போனவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். 1914-க்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கும் போனார்கள். மடியில் பணம் இருந்ததோ இல்லையோ, மூட்டையில் புளிச்சோறும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கருப்பட்டியும் சுண்டவத்தலும் இருந்தன. போன இடத்துச் சோறு ஒத்துக்கொள்ளாது என்ற பயம் ஒருபக்கம். யார் கையால் சமைத்தது என்ற சாதிக் கணக்கு இன்னொரு பக்கம். அந்த இரண்டாவதை மறைத்துவிட்டுப் பழைய காலத்தைப் புகழ எனக்கு மனம் வராது.

இன்று அந்த ஆலைத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் துபாயிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். துபாய்க்குப் போயிருந்தபோது அக்கா மகன் என்னை ஓர் உணவகத்துக்குக் கூட்டிப்போனான். ஜப்பான் சமையலும் பெரு நாட்டுச் சமையலும் கலந்த சாப்பாடு. நிக்கேய் என்று பெயர்.

“மாமா, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. புடிக்கலன்னா வேற சொல்லிக்கிடலாம்” என்றான்.

தட்டில் மெல்லிசாக அரிந்த வெள்ளை மீன். அதன்மேல் எலுமிச்சைச் சாறும் மஞ்சள் மிளகாய் அரைத்த சாறும். அடுப்பையே காணாத மீன் அது. திராதீத்தோ என்றார்கள். புளிப்பு முதலில் ஏறியது, உறைப்பு நிதானமாகப் பின்னால் வந்தது. கவிச்சி துளியும் இல்லை. இன்னொரு தட்டில் எலுமிச்சையில் ஊறிய மீன் துண்டுகளோடு அவித்த சீனிக்கிழங்கும் சோளமும் வந்தன. சீனிக்கிழங்கைப் பார்த்ததும் எனக்குக் கூச்சம் போய்விட்டது. வேறொரு தட்டில் மீனுக்கு அடியில் பிடித்து வைத்த சோற்றின் அரிசிகூட நம் அம்பை 16 போலக் குட்டையாக, உருண்டையாக இருந்தது. பசை மட்டும் கூடுதல்.

அந்தச் சாப்பாட்டின் பிறப்பு கூலிக்காரர் குடியிருப்பில். 1899-இல் யோக்கோஹாமாவிலிருந்து சக்குரா மாரு என்ற கப்பலில் 790 ஜப்பானியர் புறப்பட்டு, ஏப்ரல் 3-ஆம் தேதி பெருவின் கய்யாவ் துறைமுகத்தில் இறங்கினார்கள். கரும்புத் தோட்டங்களில் நான்கு வருட ஒப்பந்தக் கூலி. நோயில் பலர் மாண்டார்கள், சிலர் ஓடிப்போனார்கள். தப்பியவர்களில் பலர் லிமா நகரத்தில் முடிதிருத்தும் கடையும் சின்னச் சாப்பாட்டுக்கடையும் வைத்தார்கள். ஊர்ச் சரக்கு கிடைக்காத இடத்தில் பெருவின் மிளகாயையும் எலுமிச்சையையும் கையில் எடுத்தார்கள். பெருக்காரர்கள் மணிக்கணக்கில் எலுமிச்சையில் ஊறப்போட்ட மீனை, இவர்கள் சில நிமிடத்தில் எடுத்துப் பரிமாறினார்கள். 1940-இல் லிமாவில் இவர்களுடைய கடைகளைக் கலகக்கூட்டம் சூறையாடியது. இரண்டாம் உலகப்போரின்போது பெரு அரசு சுமார் 1,800 பேரைப் பிடித்து அமெரிக்க முகாம்களுக்கு அனுப்பியது. அந்தச் சமூகத்தின் சமையல்தான் பிறகு தலைநிமிர்ந்தது. லிமாவில் 2009-இல் மிட்சுஹாரு சுமுரா திறந்த மாயிதோ உணவகம், 2025-இல் உலகின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

நமக்கும் இப்படிப் பயணத்தில் பிறந்த சாப்பாடு ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்து என்றால் சொதிதான். தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே பிழிந்து வைப்பார்கள். மூன்றாம் பாலில் காய் வேகும். வெந்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேரும். கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி எலுமிச்சை பிழிவார்கள். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. இது இலங்கைக்குப் போய்த் திரும்பியவர்களோடு வந்தது என்பது பெரியவர்கள் வாய்ச்சொல். இலங்கையில் இடியாப்பத்துக்கு ஊற்றும் சொதி தண்ணீராக, எளிமையாக இருக்கும். இங்கே வந்து அது பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் சேர்ந்து விருந்துச் சாப்பாடாகிவிட்டது. அந்த உருளைக்கிழங்கின் பூர்வீகம் பெருவின் ஆண்டிஸ் மலைகள்; பச்சை மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நெல்லைக்குப் பெயர் வாங்கித் தந்த அல்வாவைக் கிண்டியவர்களும் வடக்கிலிருந்து வந்த சிங் குடும்பங்கள்.

ஆனால், கருப்பு ஒலிவக்காய் அரைத்த சாற்றில் ஆக்டோபஸைப் பரிமாறிய நிக்கேய் சமையல்காரர் ரோசிட்டா யிமுரா என்று பெருவில் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். சொதியில் முதன்முதலாகப் பாசிப்பருப்பைச் சேர்த்த கை யாருடையது என்று நம்மில் யாரும் எழுதி வைக்கவில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இன்று விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளைகள் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவதில்லை. ஊரிலேயே பரோட்டா, பிரைடு ரைஸ், ஷவர்மா எல்லாம் கிடைக்கின்றன. வெளிநாடு போனால் பச்சை மீனையும் தயங்காமல் சாப்பிடுகிறார்கள். இதை நான் நல்ல மாற்றம் என்றே சொல்வேன். யார் சமைத்தது என்று கேட்டு ஒதுங்கிய நாக்கு, உலகத்துக் கூலிக்காரர் வீட்டுச் சாப்பாட்டை ருசித்து உண்ணப் பழகியிருக்கிறது.

அப்படிக் கூலிக்காரர் வாழ்ந்த தோட்டம் ஒன்று நம் மலைமேலேயே உண்டு. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில் உருவான மாஞ்சோலை. 2024-இல் அங்கே வேலை நின்றது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்கள் பல இறங்கி வந்து சமவெளியில் வீடு தேடின. லயன் வீட்டு அடுப்பில், அந்தக் குளிரிலும் மழையிலும், கிடைத்த கீரையையும் கிழங்கையும் வைத்து அவர்கள் என்ன சமைத்தார்கள்? அவர்களில் யாராவது உங்கள் தெருவில் குடிவந்திருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள்.