ஆட்டோவில் சினிமாப் பாட்டு, கடலில் காற்று நிலவரம்: யாருக்கு எந்த ரேடியோ?

மாட்டுத்தாவணியில் ஷேர் ஆட்டோ ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் மூணு சினிமாப் பாட்டு, நகைக்கடை விளம்பரங்கள், ஆர்.ஜே-வின் கலாய் எல்லாம் காதில் விழுந்துவிடும். டிரைவர் ஸ்டேஷனை மாற்றினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹலோ எஃப்.எம், சூரியன், மிர்ச்சி எதை வைத்தாலும் பாட்டுதான். ஏன் இப்படி?

தனியார் எஃப்.எம்-கள் ஏலத்தில் உரிமம் எடுத்து, விளம்பர வருமானத்தில் ஓடுபவை. நிறைய பேர் கேட்க வேண்டும் என்றால் ஹிட் பாட்டுதான் பத்திரமான வழி. பலருக்கும் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அவர்களுக்கு அனுமதி கிடையாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே போடலாம். டிராஃபிக், வானிலை போன்ற தகவல்களைச் சொல்லலாம். அவ்வளவுதான். அதனால் நேரத்தை வைத்துத்தான் நேயர்களைப் பிரிக்கிறார்கள். காலையில் வேலைக்குக் கிளம்புபவர்களுக்கு அரட்டை, மதியம் வீட்டில் இருப்பவர்களுக்கு போன் கால், ராத்திரி... வேறென்ன, இளையராஜாதான்!

பாட்டுக்காக நேயர்கள் ஸ்டேஷன் மாறுவது புதுசு இல்லை. 1950-களில் மத்திய அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கர் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டைக் குறைத்தார். ஜனங்கள் இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப இழுக்க 1957 அக்டோபர் 3-ல் 'விவித் பாரதி' தொடங்கப்பட்டது. ஆனாலும் பி.எச்.அப்துல் ஹமீது குரலை விட்டு நம்ம தென்மாவட்டத்துக்காரர்கள் பல வருடம் நகரவில்லை. வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆகாசவாணியின் பாணியே வேறு. ஒரே நாளில் கர்னாடக இசை, கிராமியப் பாட்டு, நாடகம், விவசாயம் எல்லாம் வரும். என் வயசுக்காரர்கள் 'போர்' என்போம். ஆனால், 1960-களில் திருச்சி வானொலி ஏ.டி.டி 27 நெல்லைப் பற்றி விடாமல் பேசியதில், தஞ்சாவூர் விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எந்த ஹிட் பாட்டுக்கும் அந்தப் பெருமை கிடைக்கவில்லை.

மூன்றாவது வகை, சமுதாய வானொலி. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரோட்டில் போனால் வருகிற பாம்பனில், 2016 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது 'கடல் ஓசை' 90.4. மீனவர்களுக்காகவே நடக்கிற வானொலி இது. இந்த வகை ஸ்டேஷன்களின் ஒலி சுமார் 10, 15 கிலோமீட்டர்தான் எட்டும். நகைக்கடைக்காரருக்கு அது சின்னக் கூட்டம். ஆனால், விடிவதற்கு முன்னால் படகை எடுக்கலாமா, வேண்டாமா என்று யோசிப்பவருக்குக் காற்று எப்படி, கடல் எப்படி என்பதுதான் தெரிய வேண்டும். அதை அவர் ஊர்ப் பேச்சிலேயே சொல்ல ஒரு ஸ்டேஷன் இருக்கிறது.

சரி, உங்கள் போனில் எஃப்.எம் இருக்கிறதா? வயர் இயர்போனைச் செருகிப் பாருங்கள். அந்த வயர்தான் ஆன்டெனா. டேட்டா தேவையில்லை, டவர் போனாலும் பாடும். புது மாடல்கள் பலவற்றில் இதை எடுத்துவிட்டார்கள். அடுத்த போன் வாங்கும்போது கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.