உங்கள் வீட்டுக்கு எந்த அழகு பொருந்தும்?

காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருவுக்குப் போனால் ஒரு விந்தையைக் காணலாம். பழைய வீடுகளின் தூண், கதவு, ஜன்னல், நிலைக்கண்ணாடி, பீங்கான் சாடி, எனாமல் பாத்திரம் எல்லாம் அங்கே கடைகளில் விலைக்கு இருக்கின்றன.

வெளியூரில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிற்ப வேலை செய்த தேக்குக் கதவு ஒன்று கண்ணில் படுகிறது.

"நம் வீட்டில் இது இருந்தால் எப்படி இருக்கும்!" என்கிறாள் மனைவி.

அவ்வளவுதான். சேர்த்து வைத்த பணம் கரைகிறது. கதவு லாரி ஏறுகிறது. வீட்டுக்கு வந்த பிறகுதான், அதை மாட்ட வாசல் இல்லை என்பது தெரிகிறது! கூடத்துச் சுவரில் சாய்த்து வைக்கிறார்கள். "பக்கத்தில் போகாதே" என்று குழந்தைகளுக்குத் தினமும் திட்டு.

கதவின் மேல் குற்றம் இல்லை. அது பிறந்த வீடு வேறு.

கப்பலில் வந்த தேக்கு

செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் லேவாதேவி செய்து பொருள் ஈட்டினார்கள். பர்மாத் தேக்கும், இத்தாலிச் சலவைக்கல்லும், பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்தன.

உலகத்துப் பொருளை எல்லாம் கொண்டுவந்து குவித்தும், அந்த வீடுகள் செட்டிநாட்டு வீடுகளாகவே இருந்தன. ஏன்? முதலில் பிழைப்பைப் பார்த்தார்கள், பிறகுதான் அலங்காரம். கணக்கு எழுதவும், வந்தவர்களை உட்கார வைக்கவும் முகப்பில் திண்ணை. கலியாணமான ஒவ்வொரு மகனுக்கும் முற்றத்தைச் சுற்றி ஓர் அறை. மழை குறைந்த சீமை ஆதலால், கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழும்படி கட்டி, பிடித்து வைத்தார்கள். சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெள்ளைக் கருவைக் கலந்து பூசிய சுவர், வெயில் காலத்திலும் குளிர்ச்சி!

காலடியில் பூ

தரைக்கு வெளிநாட்டுக் கல் மட்டுமா? பக்கத்திலுள்ள ஆத்தங்குடியில் செய்த கல்லும் வந்தது. இன்றும் அதைக் கையால்தான் செய்கிறார்கள்.

கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் காய வைத்தால் கண்ணாடி கழன்றுவிடும். அதன் வழவழப்பு மட்டும் கல்லிலேயே தங்கிவிடும்! சூளையும் வேண்டாம், மெருகும் வேண்டாம். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும்.

1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானது. அங்கே போட்ட முதல் போயிற்று. பிறகு சொத்துக்குப் பங்காளிகள் பெருகினார்கள். பராமரிக்க முடியாத வீடுகள் பல இடிக்கப்பட்டன. அந்தத் தூணும் கதவும்தான் தெருக்கடைக்கு வந்தன.

ஒரு வாரம் பொறுங்கள்

உங்கள் வீடு இரண்டே அறையாக இருக்கலாம். வாடகை வீடாகவும் இருக்கலாம். பாதகம் இல்லை. ஒரு வாரம் எதுவும் வாங்காமல் கவனித்துப் பாருங்கள். காலை வெயில் எங்கே விழுகிறது? பாட்டி எந்த மூலையில் போய் உட்காருகிறார்? பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? கூடத்தில் இரவு நான்கு பேர் படுக்க வேண்டும் என்றால், அங்கே சோபா எதற்கு? நல்ல கோரைப்பாய் போதும், காலையில் சுருட்டிவிடலாம்.

பரணிலும் ஏறிப் பாருங்கள். மாமியார் கொண்டுவந்த பித்தளை அண்டா கறுத்துக் கிடக்கும். புளி போட்டுத் தேய்த்து வாசலில் வைத்து, தண்ணீர் ஊற்றி நாலு பூவை மிதக்க விட்டால் காசு செலவில்லாத அலங்காரம்! சுவருக்கு என்ன வண்ணம் என்று குழப்பமா? பெட்டியைத் திறந்து, வீட்டுப் பெண்கள் ஆசையாகக் கட்டும் சேலைகளைப் பாருங்கள். பிடித்த நிறம் அங்கேயே இருக்கும்.

சரி, வாங்கிவிட்ட அந்தக் கதவை என்ன செய்வது? தச்சரைக் கூப்பிட்டு நான்கு கால் போடச் சொல்லலாம். சிற்பத்தின் மேல் ஒரு கண்ணாடி. திட்டு வாங்கிய பிள்ளைகளே அதைச் சுற்றி உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவார்கள்.